காப்பி மேசைப் பள்ளி வாரியம்

கெட்டில் க்ரீக் பள்ளி வாரியம் மாதம் ஒருமுறை பள்ளி நூலகத்தில் கூடும். ஐந்து உறுப்பினர்களும் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த நாற்காலிகளில், முழங்கால் முகவாயை இடிக்க உட்காருவார்கள். தலைவர் வெர்லின் ஹார்ட்விக் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். நான்கு பேர் ஆம் என்பார்கள். பிரென்னா ஹோலுப் மட்டும் ஏன் என்று கேட்பாள்.

"அதெல்லாம் பேசியாச்சும்மா" என்பார் வெர்லின், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

எங்கே பேசினார்கள் என்பது மார்ச் மாதத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் பெட்ரோல் போடப் போன இடத்தில்.

அந்த ஊரில் பெட்ரோல், விதை, உரம், மாடு நக்குகிற உப்புக்கட்டி எல்லாம் விற்பது விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் கடை ஒன்றுதான். கல்லாவில் இருக்கும் ட்விலா மீதிச் சில்லறையைக் கொடுத்தபடியே சொன்னாள்: "கிரீட்டா போறாங்களாமே, பாவம். அந்தம்மா வந்தப்புறம்தான் என் தங்கச்சி பையன் புத்தகத்தைத் தலைகீழா பிடிக்கிறதை விட்டான்."

"போறாங்களா? யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இன்னிக்குக் காலைல அந்த மேசைல முடிஞ்சுபோச்சே. வெர்லின், நார்ப், ரோலி மூணு பேரும் பேசி முடிச்சாங்க. காப்பி ஊத்தினது நான்தான்."

"வாரியம் இன்னும் ஓட்டே போடலையே ட்விலா."

"அடி போடி. ஓட்டு அடுத்த மாசம். முடிவு இன்னிக்கு."

கடையின் மூலையில் அந்த நீளமான மேசை கிடந்தது. விடிந்தும் விடியாமலும் விவசாயிகள் அங்கே வந்து உட்காருவார்கள். தோல் குவளையில் பகடை போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். தோற்றவன் எல்லாருக்கும் காப்பிக் காசு கொடுக்க வேண்டும். மழை, கன்று, மக்காச்சோள விலை என்று பேச்சு போகும். ஐந்து பேர் கொண்ட வாரியத்தில் மூன்று பேர் அந்த மேசையில் இருந்தார்கள் என்பதை அந்த ஊரில் யாருமே ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அவர்களுடைய அப்பாக்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

பிரென்னா காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். கிரீட்டா லண்டீன் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை மூன்று மூன்று பேராக அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. வகுப்பு நடப்பது துடைப்பமும் வாளியும் வைத்திருந்த ஒரு அறையில். இத்தனை நாள் அவள் சம்பளம் மத்திய அரசு அவசர நிதியாகக் கொடுத்த பணத்திலிருந்து வந்தது. அது தீர்ந்துவிட்டது. இனி அவளை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஊர் நிலவரியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நிலவரியில் பெரும்பங்கு கட்டுகிறவர்கள் யாரென்றால், மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்து ஒமாஹா, டென்வர் என்று பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். இப்போது அந்தப் பள்ளியில் படிப்பது மாட்டுப் பண்ணையில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், வாடகை வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் வாசிக்கத் தெரியாதவர்கள். மாநிலம் அந்தப் பள்ளியைக் கடைசி வரிசையில் வைத்திருந்தது. ஊரோ, பள்ளி வாசலில் கால்பந்துக் கோப்பையின் படம் போட்ட பலகையை வைத்திருந்தது.

அந்த மூன்றாம் வகுப்பில் ஜோஸியும் இருந்தாள். பிரென்னாவின் அக்கா மகள். அக்கா போன இடம் தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது; ஜோஸி தாத்தாவோடும் சித்தியோடும் வளர்கிறாள். போன வருடம் வரை அவள் புத்தகங்களை மனப்பாடம் செய்துகொண்டு வாசிப்பதுபோல் நடித்தாள். பக்கத்தை மாற்றிக் காட்டினால் மாட்டிக்கொள்வாள். மாட்டிக்கொண்டால் வயிறு வலிக்கிறது என்பாள்.

அன்று மாலை அடுப்பில் தண்ணீர் கொதிக்க, ஜோஸி மக்ரோனி டப்பாவின் பின்பக்கத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக உடைத்து உடைத்து, உதட்டைக் கடித்து வாசித்தாள். "வெ-ண்ணெ-யும்... பா-லும்... சேர்த்துக் கி-ளறவும்." தலையை நிமிர்த்தி, "சித்தி, அப்படியா எழுதியிருக்கு? நெஜமாவா?" என்றாள்.

"நெஜமாத்தான்."

"அப்ப பால் எடு. ஏன் நின்னுக்கிட்டிருக்க?"

பிரென்னாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதே பள்ளியில் அவள்தான் முதல் மாணவி. பதினொரு பேர் கொண்ட வகுப்பில் முதல் மாணவி, தோளில் அதற்கான தங்கக் கயிறு, மேடையில் பேச்சு, ஊர் முழுக்கக் கைதட்டல். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிக்கொடுத்த முதல் கட்டுரை, "என்னை வந்து பார்" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு அறையில், பத்தி எழுதுவது எப்படி என்று அவளுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கைதட்டிய ஊர் தன்னை ஏமாற்றிவிட்டது என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பட்டம் வாங்கித் திரும்பி, பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாரியத் தேர்தலில் யாருமே நிற்காத ஒரு இடத்துக்குத் வாக்குச்சீட்டில் தன் பெயரைக் கையால் எழுதிப் போடச் சொல்லி வீடு வீடாகப் போனாள். ஜெயித்தாள்.

மறுநாள் காலை நேராக அந்த மேசைக்குப் போனாள். பேச்சு நின்றது. வீடுகளுக்குப் புரொப்பேன் எரிவாயு விற்கும் ரோலி, நல்ல மனுஷன், நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். ஆயிரம் மாடு வைத்திருக்கும் நார்ப், "அடடே, காலேஜ் மேடம்! உக்காருங்க, உக்காருங்க. இங்க நாங்க எழுத்துப் பிழையோடதான் பேசுவோம், பரவால்லையா?" என்றார்.

"கிரீட்டாவை நிறுத்தறதுன்னு இங்கயா முடிவு பண்ணீங்க?"

"மழை வருமான்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் வெர்லின். குவளையை அவள் பக்கம் தள்ளினார். "குலுக்கு."

குலுக்கினாள். தோற்றாள். எல்லாருக்கும் காப்பிக் காசு கொடுத்தாள். நார்ப் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"வாரியத்துல மூணு பேர் ஒரு இடத்துல உக்காந்து பள்ளிக்கூட விஷயம் பேசினா, அதுக்குப் பேரு கூட்டம்" என்றாள் பிரென்னா. "கூட்டம்னா ஊருக்கு முன்னாடியே சொல்லணும். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"காப்பி குடிக்கிறது குத்தமா?"

"காப்பியைக் குடிங்க. பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் குடிக்காதீங்க."

வெர்லினின் முகம் மாறியது. அவர் கத்துகிற ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "பொண்ணே, நான் சொல்றதைக் கேளு. சோளம் என்ன விலைக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியும், நீ அந்த ஆபீஸ்லதான் இருக்க. என் பையன் விவசாயமே வேணாம்னு போனான், ஏன்? வரி. மழை பேஞ்சாலும் வரி, பேயலைன்னாலும் வரி. சும்மா கைதூக்கறது ஈஸி. கட்டறது நான். உன் பேர்ல ஒரு ஏக்கர் இருக்கா?"

"இல்ல. என் வீட்டுல படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுல இருக்கா?"

ரோலி காப்பிக்குள் இருமினார்.

வழக்குப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வழக்கு முடிவதற்குள் ஜோஸி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். ஆசிரியர் ஒப்பந்தம் ஏப்ரல் நடுவில் முடிவாகிவிடும். அதற்குள் என்ன செய்ய முடியும்? அன்றிரவு பாத்திரம் கழுவும்போது, ஜனவரிக் கூட்டம் நினைவுக்கு வந்து, கையில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஜனவரியில் பதவிகளைப் பங்கிட்டார்கள். தலைவர் வெர்லின், துணைத்தலைவர் நார்ப். செயலாளர் வேலை யாருக்கும் வேண்டாம். நடந்ததை எழுத வேண்டும், அறிவிப்பு ஒட்ட வேண்டும். "அதைப் பிரென்னா பாக்கட்டும். சின்னப் பொண்ணு, ஓடியாடிச் செய்யும்" என்றார் நார்ப். "காப்பியும் நல்லா போடுமா?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அவள் காது சிவக்க ஒத்துக்கொண்டாள். எடுபிடி வேலை என்று நினைத்துத் தூக்கிக் கொடுத்தார்கள். வாரியம் எங்கே, எப்போது கூடுகிறது என்று ஊருக்குச் சொல்லும் பொறுப்பு மொத்தமாக அவள் கைக்கு வந்துவிட்டது என்பது அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கே அன்றுவரை உறைக்கவில்லை.

தபால் நிலையம், வங்கி, சங்கக் கடையின் கதவு, மூன்று இடத்திலும் அறிவிப்பு ஒட்டினாள். பள்ளி வாரியத்தின் மூன்று உறுப்பினர்கள் தினமும் காலை ஆறு மணிக்குச் சங்கக் கடை மேசையில் கூடுகிறார்கள், தற்போது பேசப்படும் விஷயம், வாசிப்பு ஆசிரியை தேவையா இல்லையா, பொதுமக்கள் வரலாம். கீழே, செயலாளர் என்று கையெழுத்து.

அப்பா ஸ்டானுக்கு விஷயம் அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் வெர்லினிடம்தான் இருபது வருடமாக டிராக்டரும் லாரியும் ஓட்டுகிறார்.

"வெர்லின் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"உன் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தின்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவங்க அம்மா மாதிரின்னேன்." அவர் பூட்ஸைக் கழற்றினார். "நாளைக்கு நான் வர மாட்டேன் பிரென். அந்தாள் முகத்துல நான் தினம் முழிக்கணும். நீ போ. என்னைக் கூப்பிடாதே."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

காலையில் அவள் போனபோது கடைக்கு வெளியே வண்டிகள் நிறைந்திருந்தன. பண்ணையில் இரவு வேலை முடித்த பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலர், விதை மூட்டைகள் மேல் உட்கார்ந்து சிலர். ட்விலா இரண்டாவது காப்பிப் பாத்திரத்தையும் எடுத்து வைத்து, "நாலு வருஷமா இந்தக் கடைல இவ்வளவு வியாபாரம் பாக்கல" என்றாள்.

வெர்லின் உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போனால் தோற்றதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இது கூட்டம் இல்ல. காப்பி."

"சரி" என்றாள் பிரென்னா. காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். "அப்ப பள்ளிக்கூடம் பத்தி யாரும் பேசாம இருந்தாப் போதும்."

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூவருக்கும் அன்றுதான் தெரிந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. கன்றுகளைப் பற்றிப் பேசினார்கள். பகடை குலுக்கினார்கள். ஒரு கடை நிறைய ஜனம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நார்ப்தான் வழுக்கினார்.

"சும்மா சொல்றேன், அந்த லண்டீனம்மா ஒரு நாளைக்கு மூணு பிள்ளைங்களோட உக்காந்துக்கிட்டு..."

பிரென்னாவின் பேனா ஓடியது. நார்ப் அதைப் பார்த்து நிறுத்தினார்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் உப்புக்கட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண். இல்டா. நார்பின் பண்ணையிலேயே கன்றுக்குப் பால் கொடுக்கிறவள். "உக்காந்துக்கிட்டு என்ன பண்றாங்க? அந்த மூணுல ஒருத்தன் என் பையன். போன வாரம் டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டை எனக்கு அவன்தான் படிச்சுச் சொன்னான். உங்க கன்னுக்குட்டிக்கு நான் பால் கொடுக்கும்போது ஒவ்வொண்ணாத்தானே கொடுக்கறேன்? ஆயிரத்துக்கும் ஒண்ணா ஊத்தச் சொல்லுங்களேன் பாப்போம்."

கடை வெடித்துச் சிரித்தது. நார்பும் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் மேசை நார்பின் இயந்திரக் கொட்டகைக்கு மாறியதாகக் கேள்விப்பட்டு, பிரென்னா அந்த விலாசத்தோடு புது அறிவிப்பு ஒட்டினாள். நார்பின் மனைவி, "ஊரே என் முற்றத்துல வந்து நிக்குமா? போய்யா, போய்க் கடைலயே குடி" என்று விரட்டிவிட்டாள். மறுபடி கடைக்கே வந்தார்கள். இப்போது உண்மையிலேயே மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

ஆக, ஏப்ரல் கூட்டத்துக்கு வாரியம் வந்தபோது, எதுவும் பேசி முடித்திருக்கவில்லை.

நூலகத்தில் இடம் போதவில்லை. வெர்லின் தீர்மானத்தைப் படித்தார்: வாசிப்பு ஆசிரியைப் பணியிடத்தை இந்த ஆண்டோடு நீக்குவது. படித்துவிட்டு வழக்கம்போல் இடப்பக்கம் பார்த்தார். ரோலி வழக்கம்போல் ஆம் சொல்லவில்லை. வாய் பாதி திறந்தபடி இருந்தது.

"ஒரு நிமிஷம் வெர்லின்" என்றார். "அந்தம்மா என்னதான் பண்றாங்கன்னு எனக்குச் சரியாத் தெரியாது. தெரியாம எப்படி..."

கிரீட்டா எழுந்து சொன்னாள். அழகாகச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை செப்டம்பரில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, இன்னும் யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை. வராதவர்களைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். ரோலி குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். வாரியத்தில் பல வருடம் இருந்தவர், முதல்முறையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி" என்றார் வெர்லின். "காசு? நான் கெட்டவன் இல்ல. அந்தப் பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசையா? காசு எங்கேருந்துன்னு யாராவது சொல்லட்டும்."

பிரென்னா இதற்காகத்தான் காத்திருந்தாள். "மைதானத்துக்குப் புது விளக்கு போட ஒதுக்கி வச்சிருக்கோம். அதை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம்."

பின்வரிசையில் யாரோ "அடிப் பாவி" என்றார்கள். அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களே சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஊரில் தேவாலயத்தின் கூரை வேலையைத் தள்ளிப் போடலாம், வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்து ஆட்டத்தைத் தொட முடியாது.

"வெளிச்சம் இல்லாம எப்படி ஆடுவாங்க?" என்று கத்தினார் நார்ப்.

"பழைய விளக்கு எரியுதே. மங்கலா எரியுது, அவ்வளவுதான். எரியாத நாள்ல சாயங்காலம் ஆடட்டும். பந்து தெரியும். நம்ம பள்ளிக்கூடத்துப் பலகைல இருக்கிற கோப்பையைப் பத்தி எனக்கும் பெருமைதான் நார்ப். ஆனா அந்தக் கோப்பை வாங்கின டீம்ல ரெண்டு பேர் இன்னிக்கு எங்க ஆபீசுக்கு வந்து, படிவத்தை என்கிட்ட நீட்டி, கண்ணாடி மறந்துட்டு வந்துட்டேன்னு சொல்றாங்க. இருபத்தஞ்சு வயசு. அவங்களுக்குக் கண்ணாடியே கிடையாது."

அது யார் என்று அறையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அவள் பெயர் சொல்லவில்லை.

ஓட்டெடுப்பு. நார்ப், ஆம். வெர்லின், ஆம். பிரென்னா, இல்லை. பல் மருத்துவரின் மனைவி அடீல், இத்தனை வருடமும் ஆம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லியிராதவள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லை" என்றாள். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தவள்போல் பார்த்தாள்.

ரோலி தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் மூத்த பையன் அந்த மைதானத்துலதான் ஆடினான்" என்றார், யாரிடமும் இல்லாமல். "நாங்கள்லாம் வெயில்லயே ஆடினோம். இல்லை. நீக்க வேணாம். நான் இல்லைன்னு சொல்றேன்."

தீர்மானம் தோற்றது. கைதட்டலும் முணுமுணுப்பும் சேர்ந்து எழுந்தன. விளக்கைத் தள்ளிப் போடும் தீர்மானமும் அதே மூன்று பேரால் நிறைவேறியது. பின்வரிசையில் ஒரு ஆள் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார். அவர் இனி தனக்கு ஓட்டுப் போட மாட்டார் என்று பிரென்னா நினைத்துக்கொண்டாள். கிரீட்டா சுவரில் சாய்ந்து மூக்கைச் சிந்தினாள்.

கூட்டம் கலைந்த பிறகு வெர்லின் அவளிடம் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"ஒரு வருஷத்தை ஜெயிச்சுட்ட. விளக்குக் காசு ஒரு தடவைதான் கிடைக்கும். அடுத்த வருஷம்?"

"நவம்பர்ல ஊரைக் கேட்கப் போறேன். வரியைக் கொஞ்சம் ஏத்தலாமான்னு ஓட்டுக்கு விடணும். வீடு வீடாப் போவேன்."

"நிலம் வச்சிருக்கிறவன் எவனும் ஒத்துக்க மாட்டான்."

"கேட்டுப் பாக்கறேன்."

"என் வீட்டுக்கும் வருவியா?"

"முதல்ல உங்க வீட்டுக்குத்தான்."

வெர்லின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வா. ஆனா நான் மாட்டேன்னுதான் சொல்வேன்."

"தெரியும்" என்றாள் பிரென்னா. "அதனாலதான் முதல்ல வரேன். ரெண்டாவது தடவையும் வரணுமே, அதுக்கு நேரம் வேணும்."